வரப்போகும் ஆர்பிஜிகளில் நம்மை என்னவென்று கூப்பிடுவார்கள்?

2025 ஜனவரி 12, ஞாயிறு இரவு

ஆர்பிஜி என்றால் நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் போய்த் தீர்மானம் எடுக்கிற விளையாட்டு. இங்கே பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, பால்டர்ஸ் கேட் 3 வந்த பிறகு கணினி ஆர்பிஜியில் புதிதாகச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? படம் அழகாகிவிட்டது, எல்லாரும் வாய் திறந்து பேசுகிறார்கள். இனி உலகத்தை இன்னும் பெரிதாக்குவதுதானே பாக்கி?"

பெரிதாக்குகிற வேலையை 1996-லேயே செய்து பார்த்துவிட்டார்கள் தம்பி. டேகர்ஃபால் என்ற ஆர்பிஜியில் ஊர், குகை, பண்ணை வீடு என்று ஏறத்தாழ 15,000 இடங்கள். கணினியே கலந்து கலந்து செய்து கொடுத்தது. நான் ஐம்பது ஊருக்காவது போயிருப்பேன், ஒன்றின் பேர்கூட இப்போது நினைவில் இல்லை. எங்கே நுழைந்தாலும் அதே சத்திரம், அதே ஆள், அதே பதில்.

எனக்கு வேண்டியது வேறு. நான் செய்ததை அந்த ஊர் கவனித்திருக்க வேண்டும். ஸ்கைரிமில் (2011) நான் மந்திரக் கல்லூரிக்கே தலைவரானேன். மந்திரம் என்று சொல்லிக்கொள்ள இரண்டோ மூன்றோதான் தெரியும், அது தனிக் கூத்து. தலைவரான மறுநாள் ஊர்க்காவலன் ஒருவன் என்னைப் பார்த்து முழங்காலில் அம்பு பட்ட தன் பழைய கதையைச் சொன்னான். உலகத்தை விழுங்க வந்த டிராகனைக் கொன்றுவிட்டு வந்தேன், அப்போதும் அதே அம்பு, அதே முழங்கால். ஆனால் ரிவர்வுட்டில் கை தவறி ஒரு கோழியைக் கொன்று பாருங்கள், ஊரே ஆயுதத்தோடு துரத்தும். கோழி விஷயத்தில் மட்டும் அந்த உலகத்துக்கு அபாரமான ரோஷம்.

இன்னொன்று, ஒப்லிவியன் (2006) காலத்திலிருந்து எங்கே போக வேண்டும் என்பதைத் திசைகாட்டியில் ஒரு குறி காட்டிவிடுகிறது. அதற்கு முந்தைய மோரோவிண்டில் (2002) ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள், பாலத்தைத் தாண்டு, வலது பக்கம் பாறை வரும் என்று. நாமும் தொலைந்து போவோம். வேகப் பயணமே (வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டதும் அங்கே போய் நிற்பது) கிடையாது, எல்லாம் நடைதான்.

2025 ஜனவரி 13, வேலைக்குக் கிளம்பும் முன்

திருத்தம். நடை மட்டும்தான் என்று நேற்று எழுதியது தப்பு, மூன்று பேர் பிடித்துவிட்டார்கள். மோரோவிண்டில் சில்ட் ஸ்ட்ரைடர் என்கிற ராட்சதப் பூச்சி உண்டு, காசு கொடுத்து ஏறலாம். படகு உண்டு. மந்திரவாதிகள் சங்கத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பியும் வைப்பார்கள். ஆனால் எது எங்கே போகும் என்று தெரிந்து, அந்த இடத்துக்குப் போய் நின்று ஏற வேண்டும். நம்ம ஜெட்டியில் (படகுத்துறையில்) பஸ் பார்த்து ஏறுவது மாதிரி.

அந்த ஊரில் சொல்லும் வழி சில நேரம் தப்பாகவும் இருக்கும். எழுதியவரின் பிழையாகத்தான் இருக்கணும். ஆனால் விளையாடும்போது 'இவனை நம்பி வந்தேனே' என்று அந்த ஆள் மேல்தான் கோபம் வந்தது, எழுதியவர் மேல் வரவில்லை.

2025 ஜனவரி 18

"ஞாபகம் வைத்துக்கொள்வது அவ்வளவு சுலபமென்றால் ஏன் யாரும் செய்யவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

சுலபமில்லை. ஆம், இல்லை என்று பத்தே பத்துத் தீர்மானங்களைக் கொடுத்தால்கூட 1,024 விதமாக ஆள் கடைசிக்கு வந்து சேரலாம். இருபது என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனைக்கும் உட்கார்ந்து வசனம் எழுத யாரால் முடியும்? அதனால் கதையைக் கொஞ்ச தூரம் பிரியவிட்டு மறுபடி ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நம்ம பினாங்கில் ஆயர் ஈத்தாம் வழியாக வந்தாயா, ஜெலுத்தோங் வழியாக வந்தாயா என்பது உன் விருப்பம், கடைசியில் இறங்குவது கொம்தாரில்.

குரல் வந்தபிறகு இது இன்னும் மோசம். எழுத்தில் ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம் போதும். அதே வரி குரலில் வேண்டுமென்றால் நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், ஒலிப்பதிவுக்கு இடம் பிடிக்க வேண்டும், முகமும் உதடும் அசைய வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-இல் மட்டும் 170 மணி நேரத்துக்கு மேல் காட்சிகள் என்றார்கள். அந்த அளவு பணமும் பொறுமையும் எத்தனை பேரிடம் இருக்கிறது? 1997-இல் வந்த ஃபால்அவுட்டில் முக்கியமான சிலருக்குத்தான் குரல், மற்றதெல்லாம் எழுத்து. அதனால்தான் அதில் இப்படியெல்லாம் செய்ய முடிந்தது: புத்தி எண்ணைக் குறைத்து ஆளை உருவாக்கினால் அவன் வாயிலிருந்து முக்கலும் முனகலும்தான் வரும், எதிரே இருப்பவர்களும் அதற்கேற்ப வேறு மாதிரி பேசுவார்கள். கடைசி வில்லனிடம் உன் படைக்குப் பிள்ளை பிறக்க வழியே இல்லை என்று ஆதாரம் காட்டி, ஒரு குண்டும் சுடாமல் பேசியே ஆளை முடித்துவிடலாம்.

இதை 1998-இல் கொம்தாரில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய சிடியில் விளையாடினேன். (அப்போது அப்படித்தான். பாவம் தீரப் பிற்பாடு இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டேன்.) கையேடு கிடையாது, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். தண்ணீர்ச் சில்லை (நம் ஆட்களுக்குத் தண்ணீர் தரும் இயந்திரத்தின் சிப்) கண்டுபிடிக்க 150 நாள் கெடு என்று போட்டிருந்தது, படித்தேன், மண்டையில் ஏறவில்லை. பாலைவனத்தில் ஜாலியாகத் திரிந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி, தண்ணீர் தீர்ந்து உன் ஆட்கள் எல்லாரும் செத்தார்கள், ஆட்டம் முடிந்தது என்று வந்து நின்றது. பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு 'ஓடி வா, ஊர் எரிகிறது' என்கிறார்கள். நாம் மூன்று மாதம் மீன் பிடித்துவிட்டுப் போனாலும் அந்த ஊர் நமக்காக எரிந்துகொண்டே காத்திருக்கிறது.

2025 ஜனவரி 19

இல்லை, குரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வரிக்கு மட்டும் குரல் போதும். ஒரு மனுசனின் குரல் எப்படி என்று தெரிந்துவிட்டால் மீதியை அதே குரலில் நானே மனசுக்குள் படித்துக்கொள்வேன். அம்மா அனுப்பும் வாட்ஸ்ஆப் எல்லாம் எனக்கு அம்மா குரலில்தான் கேட்கிறது, திட்டும் சேர்த்து.

2025 ஜனவரி 25

சேவ் பண்ணுவதைப் பற்றி யாருமே பேசவில்லையே. உலகம் நம்மை ஞாபகம் வைத்திருந்து என்ன பிரயோசனம், நாம்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் ஞாபகத்தை அழிக்கிறோமே. எஃப்5 (சேவ்), பகடையை உருட்டு, தோல்வி, எஃப்8 (பழைய சேவுக்குத் திரும்பு). நானும் இதில் மகா யோக்கியன் இல்லை. பால்டர்ஸ் கேட் 3-இல் ஒரே கதவை பதினோரு தடவை திறந்திருக்கிறேன்.

கிங்டம் கம் (2018) சேவ் பண்ண ஒரு சாராயம் குடிக்கச் சொன்னது. அதிகம் குடித்தால் ஆள் தள்ளாடுவான். நல்ல வேடிக்கைதான், ஆனால் அது தண்டனை. தண்டனை கொடுத்து என்னை நிறுத்துவதைவிட, தோற்றால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசையை உண்டாக்கினால் நானே எஃப்8 பக்கம் போகமாட்டேன். 2020-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டில் அடைந்து கிடந்து டிஸ்கோ எலிசியம் (2019) விளையாடினேன். விளையாட்டு தொடங்கியதும் காற்றாடியில் சுற்றிக்கொண்டிருக்கும் தன் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்துப்போகலாம், உடம்பு அவ்வளவு பலவீனமாக இருந்தால். நான் செத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த சின்னச் சின்னத் தோல்விகளில் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. தோற்ற பிறகு வந்த வசனம் ஜெயித்திருந்தால் வந்திருக்கும் வசனத்தைவிட நன்றாக இருந்தது. அதில் சண்டை என்று தனியாக ஒன்று கிடையாது என்பதே எனக்குப் பாதி விளையாட்டுக்குப் பிறகுதான் உறைத்தது.

2025 ஜனவரி 30, சீனப் புத்தாண்டு லீவு

பட்டாசுச் சத்தத்தில் தூக்கம் போய்விட்டது, எழுதுகிறேன்.

"ஏஐ இருக்கும்போது வசனம் எழுத ஆள் எதற்கு, என்பிசியே (கணினி நடத்தும் ஆள்) சொந்தமாகப் பேசும்" என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். லீவில் அப்படி ஒரு சேர்க்கையை ஒரு பழைய விளையாட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லமாட்டேன். கொல்லன் ஒருவனிடம் அவன் செத்துப்போன தகப்பனைப் பற்றி விசாரித்தேன், அழுகிற அளவுக்குப் பேசினான். உருகிப்போய் எனக்குக் கத்தி பாதி விலை என்றான். கடையைத் திறந்தால் பழைய விலைதான். நாளைக்கு என்னோடு மலைக்கு வருவதாகவும் சொன்னான். மறுநாள் போனால் பட்டறையில் சுத்தியலைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

அவன் பேச்சுக்கும் அந்த உலகத்தின் கணக்குக்கும் நடுவில் ஒரு கம்பிகூட இல்லை. அவன் கொடுத்த வாக்கு எங்கேயும் பதிவாகவில்லை. 1992-இல் வந்த அல்டிமா 7-இல் ஆட்கள் எழுதி வைத்ததைத்தான் பேசுவார்கள், ஆனால் விடிந்தால் வேலைக்குப் போவார்கள், ராத்திரி படுப்பார்கள், நாமே மாவும் தண்ணீரும் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டி சுடலாம். சொல்கிறபடி நடக்கிற ஊமையன் எனக்குப் போதும். ஏஐ வேண்டாம் என்றில்லை. வாயைக் கட்டிவிட்டு முதலில் அதற்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுங்கள்.

2025 பிப்ரவரி 12

நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறி இறங்கி, கால் நடுங்க, ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு. ஜெலுத்தோங்கில் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பார்த்து இருபது வருஷம் இருக்கும். எப்படி இருக்கிறாய், பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் கிடையாது.

"என் ரோஜாச் சட்டியை ஒடைச்சவன்தானே நீ?"

1997-இல் நடந்தது. பந்தை அடித்தது அண்ணன். நான் பொறுக்கப் போனவன். சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. மோர் ஊற்றிக்கொண்டிருந்த பையன்களிடமும் சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற ஒரு சீனக் கிழவர் வேறு தலையை ஆட்டினார், அவருக்கு என்ன புரிந்ததோ.

2025 பிப்ரவரி 13

ராத்திரி முழுக்க அந்த ரோஜாச் சட்டிதான். முதல் நாள் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் அப்படியே ஞாபகம் வைத்திருக்கும் உலகம் எனக்கு வேண்டாம். அது போலீஸ் நிலையம். பெரியம்மா மாதிரி ஆள்தான் வேண்டும், அதாவது பாதியை மறந்து, மீதியைத் தப்பாக ஞாபகம் வைத்து, அதை நாலு பேரிடம் சொல்கிற ஆள். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் தெருவில் சட்டியை உடைத்தவன் நான்தான். உண்மை அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். (அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.)

யோசித்துப் பாருங்கள், நீங்கள் காப்பாற்றிய ஊரில் வேறொருவன் காப்பாற்றியதாகப் பேசிக்கொள்கிறார்கள். இதுவரை எந்த விளையாட்டும் எனக்கு அந்த எரிச்சலைத் தந்ததில்லை. மோரோவிண்டில் தப்பு வழி சொன்னவர்களைப் பற்றி எழுதினேனே, அதைப் பிழை என்று ஒதுக்கியது அவசரம்.

1985-இல் வந்த அல்டிமா 4 இதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டது. மந்திரத்துக்கான மூலிகை விற்பவர்களுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறாய் என்பதை நீயே சொல்ல வேண்டும். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், ஒரு சத்தமும் வராது. நேர்மைக் கணக்கு மட்டும் உள்ளே குறைந்துகொண்டிருக்கும். கோட்டையில் இருக்கும் ஞானியிடம் போய் என் நிலைமை என்ன என்று கேட்கும்போதுதான் தெரியும். இப்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் திரை ஓரத்தில் 'இன்னாருக்கு இது பிடிக்கவில்லை' என்று எழுத்து வந்துவிடுகிறது. வாழ்க்கையில் யார் இப்படி உடனே ரசீது கொடுக்கிறார்கள்?

2025 பிப்ரவரி 26

காலையில் செய்தி பார்த்தீர்களா, ஷேடோ ஆஃப் மார்டார் (2014) செய்த ஸ்டூடியோவை மூடுகிறார்கள். அதில் உன்னைக் கொன்ற சாதாரண ஓர்க் (அரக்கச் சிப்பாய்) பதவி உயர்ந்து, பெயர் வாங்கி, அடுத்த முறை பார்க்கும்போது 'போன தடவை ஓடினவன்தானே நீ' என்று நக்கலடிப்பான். நெமிசிஸ் என்று அதற்குப் பெயர். அதற்கு 2021-இல் காப்புரிமை கிடைத்தது, 2036 வரை இருக்கிறதாம். செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், காப்புரிமை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மேலே எழுத ஒன்றும் தோன்றவில்லை.

கிங்டம் கம் இரண்டாம் பாகம் கேட்டவருக்கு: ஆமாம், விளையாடுகிறேன். அழுக்குச் சட்டையோடு போனால் மரியாதை குறைகிறது. அதற்காகவே பிடித்திருக்கிறது.

2025 மார்ச் 2

நோன்பு பசாரில் (ரமலான் மாதச் சந்தை) வரிசையில் நின்றபோது தோன்றியது இது, இதற்காகத்தான் இவ்வளவு நாள் சுற்றிச் சுற்றி வந்தேனோ என்னவோ.

இங்கிலீஷ் ஆர்பிஜியில் ராஜாவும் உன்னை 'யூ' என்கிறான், பிச்சைக்காரனும் 'யூ' என்கிறான். அதனால்தான் அவர்களுக்கு மதிப்பு எண் தேவைப்படுகிறது, ஓரத்தில் எழுத்து தேவைப்படுகிறது. தமிழில் ஒரு வினைமுற்று போதும். எங்கே போறே, எங்கே போறீங்க, எங்கேடா கிளம்பிட்டே. மூன்றும் ஒரே கேள்வி, மூன்று உறவு. கடைக்காரர் இத்தனை நாள் 'தம்பி, என்ன வேணும்' என்று கேட்டுவிட்டு இன்றைக்கு 'பாஸ், என்ன வேணும்' என்றால் உங்களுக்குத் தெரியாதா, நடுவில் என்னமோ நடந்திருக்கிறது என்று? எண்ணே வேண்டாம். கூடுதல் வசனமும் அதிகம் வேண்டாம், விகுதியை மாற்றினால் போதும், அந்த 1,024 பூதத்துக்குக்கூட இதில் கொஞ்சம் வழி இருக்கிறது. ஜப்பான்காரர்கள் தங்கள் மொழியில் இதை ரொம்பக் காலமாகச் செய்கிறார்கள், இங்கிலீஷுக்கு மாறும்போது அது கரைந்து போகிறது. மலாயிலும் உண்டு, கௌ (நீ), அவாக் (கொஞ்சம் மரியாதையான நீ), பாங் (அண்ணே), காக் (அக்கா). நம்மிடம் இவ்வளவு இருந்தும் நாம் எல்லாரும் 'யூ'வில் விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

2025 மார்ச் 3

"சரி, மதிப்பு கூடினால் நீ, நீங்கள் ஆகிவிடும், இதுவும் ஒரு எண்தானே, வேறு சட்டை போட்டிருக்கிறது" என்று பட்டர்வொர்த் தம்பி மடக்கியிருக்கிறார். நேற்றுப் படித்ததும் ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

இல்லை. எங்கள் அப்பா வாழ்க்கை முழுவதும் என்னை டா போட்டுத்தான் கூப்பிட்டார். கோபம் உச்சிக்குப் போனால் மட்டும் மரியாதை வந்துவிடும். "சார் எங்கே போயிட்டு வரீங்க?" அந்த 'சார்' விழுந்தால் நானும் அண்ணனும் பின்வாசல் பக்கம் நகர்ந்துவிடுவோம். நெருங்கினவர்கள் நீங்க என்றால் கதவு சாத்துகிறது. தெரியாதவர் நீ என்றால் சண்டை வருகிறது. ரொம்ப நாள் நீங்க என்றவர் ஒரு நாள் தன்னை அறியாமல் நீ என்றால் அன்றைக்கு உங்களைத் தன் வீட்டு ஆளாக்கிவிட்டார். மேலே கீழே போகிற ஒரே கோடாக இதை வைக்க முடியாது தம்பி, மரியாதை ஒரு கோடு, நெருக்கம் இன்னொரு கோடு, அது போக நக்கல் என்று ஒன்று இருக்கிறது.

2025 மார்ச் 16

வாய்ப்பேச்சு போதும் என்று செய்ய உட்கார்ந்தேன். ஒரே தெரு, ஏழு பேர், ஒரு வாரக் கதை. சண்டை கிடையாது, பகடை கிடையாது. பூக்கடை அக்கா, நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை அண்ணன், பூட்டுக்கடைத் தவுக்கே (சீன முதலாளி), கோயில் வாசலில் செருப்பு பார்க்கும் தாத்தா, இன்னும் மூன்று பேர். ஒருவரிடம் சொல்லும் பொய் மறுநாள் இன்னொருவரிடம் கொஞ்சம் மாறிப் போய்ச் சேரும்.

முதல் வாரம் எழுத்துருவிலேயே போனது. நான் முதலில் எடுத்த மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, 'போ' என்பது துண்டு துண்டாக வந்தது. கோடோ 4 என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளுக்கு மாறினேன் (2023-இல் வந்தது), அதில் எழுத்து ஒழுங்காகக் கோத்து வருகிறது. 'நீங்க எங்கே போறீங்க தம்பி' என்று திரையில் முழுசாக வந்தபோது ராத்திரி இரண்டு மணி, எழுப்பிக் காட்ட ஆளில்லை.

2025 மார்ச் 23

அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு அறுபத்தேழு, இதுவரை விளையாடியதெல்லாம் போனில் மிட்டாய் உடைக்கிறதுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூக்கடைக்குப் போனார். "வா தம்பி, மல்லி வேணுமா?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாரைத் தம்பிங்கிறா இவ?"

ஆணா பெண்ணா, என்ன வயசு என்று நான் கேட்கவே இல்லை. இத்தனை நாள் நான் மட்டுமே விளையாடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. ஆண், பெண், சின்னவர், நடுத்தர வயசு, பெரியவர், ஆக ஆறு. ஏழு பேர் என்றால் 42 விதமான கூப்பாடு, அதிலும் ஒவ்வொன்றுக்கும் கோபமாக இருந்தால் ஒன்று. பூக்கடை அக்காவுக்கு ஐம்பது வயசு என்று வைத்திருக்கிறேன், அவள் அம்மாவை அக்கா என்பாளா, அம்மா என்பாளா? கேட்டேன்.

"முதல்ல அக்கான்னு சொல்லட்டும். விலை படியலேன்னா அம்மாம்பா."

எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் 41 இருக்கிறது.